போர் நினைவுக்கு எத்தனை வயது?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்தால் ஒரு சுற்று. பிறகு அதே பெயர்கள் மறுபடி வரும். 1942 ஏப்ரல் நடுவில் சித்திரபானு பிறந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் ஜப்பான் விமானங்கள் ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டிருந்தன. அடுத்தது சென்னைதான் என்று பயந்து, மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ரயிலேறியவர்கள் ஏராளம். அதே சித்திரபானு 2002இல் திரும்பி வந்தது. 1942இல் 20 வயது இளைஞராக இருந்தவருக்கு அப்போது 80.

ஒரு சமூகத்தின் போர் நினைவு, ஏறக்குறைய இந்த ஒரு சுற்று வரைக்கும்தான் உயிரோடு இருக்கும். பார்த்தவர் இருப்பார், அவர் வாயிலிருந்து கேட்டவர் இருப்பார். சுற்று முடியும்போது பார்த்தவர் போய்விடுவார். எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மன் இதையே 80 முதல் 100 ஆண்டு என்று கணக்கிட்டார். தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய காலம் அது. அவருக்கு முன்பே பிரெஞ்சு சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் இதற்கு அடித்தளம் போட்டிருந்தார். மனிதன் தனியாக நினைவு வைத்துக்கொள்வதில்லை, சுற்றியிருப்பவர்களோடு பேசிப் பேசித்தான் நினைவு நிற்கிறது என்றவர் அவர். 1945இல் புக்கன்வால்ட் நாஜி முகாமில் இறந்துபோனார்.

வாய் நினைவு, கல் நினைவு

புரிந்துகொள்ள வசதியாக இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். நேரில் பட்டவர் சொல்வது வாய் நினைவு. அவர் போனபின் சிலையாக, தெருப்பெயராக, பாடப்புத்தக வரியாக, ஆண்டு விழாவாக மிஞ்சுவது கல் நினைவு. வாய் நினைவு கல் நினைவாக மாறும்போது எது உதிர்கிறது, எது தங்குகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் போகவேண்டாம். துணி எடுக்க விளக்குத்தூண் போகாதவர் யார்? அந்தத் தூண், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடவைத்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை நடத்திய இருவரின் பெயர்கள். இடித்தவர்கள் பெயர் தெருவாக நிற்கிறது. ஆனால் அந்தச் சுவருக்குள் 1764இல் பிரிட்டிஷாரும் ஆற்காடு நவாபும் போட்ட முற்றுகையில் மாதக்கணக்கில் அடைபட்டுத் தானியம் தீர்ந்து தவித்தவர்களைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. கோட்டையைக் காத்து நின்ற யூசுப் கான் (கான் சாகிப்) சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, அந்த அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது, கான்சாமேட்டுத் தெரு என்று பெயரும் இருக்கிறது. தளபதியின் வீரம் நின்றது, பட்டினி போய்விட்டது.

இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் தேனி மாவட்டம் புலிமான்கோம்பை. 2006இல் அங்கே கிடைத்த நடுகற்களில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து இருக்கிறது. 2,000 ஆண்டுக்கு மேல் பழையவை. ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஊர் தெரிகிறது, ஆள் தெரிகிறான், சண்டையின் வகை தெரிகிறது. எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடுவதற்கே ஆறு படிநிலைகளை இலக்கணம் வகுத்திருக்கிறது. தேடிப் பிடிப்பதில் தொடங்கி வாழ்த்தில் முடிகிற அந்த வரிசையில் அழுகைக்குத் தனி இடம் கிடையாது. பட்டவன் சாமியாகக் கும்பிடும் கல்லுக்கு முன்னால் அரிவாள் நிற்கும், படையல் நடக்கும். எதற்காகச் சண்டை வந்தது, தவிர்த்திருக்க முடியுமா என்று கேட்டால் பூசாரிக்கும் தெரிந்திருக்காது.

வாய் நினைவிலிருந்து முதலில் உதிர்வது பசி, நாற்றம், பயம், காத்திருப்பு ஆகியவை. கடைசிவரை தங்குவது பெருமை. கல்லில் செதுக்க வருவது பெருமை மட்டும்தான் என்பதே இதற்குக் காரணம். சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அதில் மாண்டார்கள். இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு; அங்கே மட்டும் 6,900க்கு மேல். தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் வாய் நினைவு. அது முடிந்தால் முடிந்தது.

கணக்கு போடும் முறை

எந்தப் போருக்கும் இந்தக் கணக்கைப் போடலாம். மூன்று எண் போதும். போர் நடந்த ஆண்டு ஒன்று. அப்போது விவரம் தெரிந்திருக்க வேண்டிய வயது இன்னொன்று: 5, 6 வயதில் துண்டு துண்டாகப் படம் தங்கும், என்ன நடக்கிறது, யார் பொறுப்பு என்று புரிய 15 ஆவது ஆகவேண்டும். மூன்றாவது, பொது வாழ்விலிருந்து ஒதுங்கும் வயது. அதை 80 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தது. அப்போது 15 வயது என்றால் பிறப்பு 1930. அவர் 80ஐத் தொட்டது 2010இல். 2025ஐ வைத்துப் பார்த்தால் 95. 1971 வங்கதேசப் போரில் 20 வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு 2025இல் 74. கார்கிலில் 1999இல் 20 வயது என்றால் 2025இல் 50கூட ஆகவில்லை. ஈழப்போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அப்போது 20 வயது என்றால் 2069இல்தான் 80 ஆகும்.

கணக்கு எளிதுதான். ஆனால் பலரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதனால்தான் நரைத்த தலையைப் பார்த்ததும் போரைக் கண்டவர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆள்பவர்களின் வயது

2025இல் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா நான்கையும் நடத்துபவர்கள் 70 வயதைக் கடந்தவர்கள். நால்வருமே 1945க்குப் பின் பிறந்தவர்கள். உலகப்போரை அவர்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டார்கள், திரையில் பார்த்தார்கள், அணிவகுப்பில் கொண்டாடினார்கள். மூத்த தலைமுறை போரின் பாடத்தை மறந்துவிட்டது என்று சொல்லும்போது பாதிதான் சரியாகிறது. அவர்கள் மறக்கவில்லை. கைமாறி வந்ததைத்தான் வைத்திருக்கிறார்கள், அதுவும் வெற்றி பெற்ற நாடுகளில் வெற்றிக் கதையாகக் கைமாறியது.

முந்தைய வரிசையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1962 அக்டோபர், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் வந்த நெருக்கடி. 13 நாள் உலகம் அணுகுண்டின் விளிம்பில் நின்றது. ஒரு பக்கம் அமெரிக்க அதிபர் கென்னடி: 1943இல் அவர் ஓட்டிய படகை ஜப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது, மறு ஆண்டு அண்ணன் போரில் இறந்தார். மறு பக்கம் சோவியத் தலைவர் குருசேவ்: ஸ்டாலின்கிராடு போர்முனையில் இருந்தவர், விமானியான மகனைப் போரில் பறிகொடுத்தவர். அக்டோபர் 26 அன்று கென்னடிக்கு எழுதிய கடிதத்தில் அவர், தாம் இரண்டு போர்களில் பங்கெடுத்ததைச் சொல்லி, ஊர்களையும் கிராமங்களையும் உருட்டிச் சிதைத்த பிறகுதான் போர் ஓயும் என்று நினைவூட்டினார். இருவருமே அரசியலில் கெட்டிக்காரர்கள், பிடிவாதக்காரர்கள். இருந்தும், அடுத்த படி எங்கே கொண்டுபோகும் என்பது இருவருக்கும் உடம்போடு தெரிந்திருந்தது. 1987 டிசம்பரில் நடுத்தர ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்திட்ட சோவியத் தலைவர் கோர்பச்சேவ், சிறுவனாகத் தம் கிராமத்தில் ஜெர்மன் படை இருந்ததைக் கண்டவர்.

அந்த வரிசை எப்போது முடிந்தது என்று தேதியே சொல்லலாம். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட கடைசி அமெரிக்க அதிபர் மூத்த புஷ். 1993 ஜனவரியில் பதவி இறங்கினார். பிரான்சில், 1940இல் காயம்பட்டுக் கைதியான அதிபர் மித்தரான் 1995 மே மாதத்தில் விலகினார். போரில் அண்ணனை இழந்த ஜெர்மனியின் சான்ஸலர் ஹெல்முட் கோல் 1998இல் பதவியை விட்டுப் போனார். இந்த இருவரும்தான் 1984 செப்டம்பரில், முதல் உலகப்போரில் இரு நாட்டுப் படைகளும் மோதிய வெர்துனின் கல்லறை நிலத்தில் கைகோர்த்து நின்றார்கள். பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்க உரிமையுள்ள தலைவர்கள் ஐந்தாறு ஆண்டுக்குள் மொத்தமாகக் காலியானார்கள்.

நினைவிருந்தும் தவறியவர்கள்

இவ்வளவு படித்ததும், போரைக் கண்டவர்களிடம் ஆட்சியைக் கொடுத்தால் போர் வராது என்று தோன்றும். அது தப்புக்கணக்கு. முதல் உலகப்போரில் மேற்கு முனையில் செய்தி கொண்டுசெல்லும் சிப்பாயாக இருந்தவர்தான் ஹிட்லர். நினைவு அவரிடம் பழிவாங்கும் ஆயுதமானது. 1918இல் ஜெர்மனி தோற்றுக் கையெழுத்திட்டது கொம்ப்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள். 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றபோது, காட்சிக்கு வைத்திருந்த அதே பெட்டியை வெளியே இழுத்துவந்து, அதே இடத்தில் நிறுத்தி, அதற்குள் பிரான்சைக் கையெழுத்திட வைத்தார். 22 ஆண்டு நினைவு ஒரு துளி கலையாமல் இருந்தது. இருந்தது அவமானத்தின் நினைவு, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் வேறு விதமாகத் தவறியது. பிரான்சை நடத்தியவர்கள் முந்தைய போரை மறக்கவே இல்லை. அகழிச் சண்டையில் ஒரு தலைமுறையே அழிந்ததைக் கண்ட அவர்கள், இனிமேல் கான்கிரீட் அரணுக்குப் பின்னால் இருந்தே சண்டையிடுவோம் என்று மாஜினோ அரண்வரிசையைக் கட்டினார்கள். 1940 மே மாதத்தில் ஜெர்மன் டாங்கிகள் அரணைத் தொடாமல், கடக்க முடியாது என்று நினைத்திருந்த ஆர்டென் காட்டுவழியாக வந்தன. நாடு சரிந்தபோது பொறுப்பேற்ற மார்ஷல் பெத்தானுக்கு வயது 84. வெர்துன் வீரர் அவர்.

மூன்றாவது தவறு, ஆட்சியில் உள்ள மூத்தவர்களிடம் அதிகம் காணப்படுவது: ஒரே பாடத்தை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்குவது. பிரிட்டனின் ஆண்டனி ஈடன் முதல் உலகப்போரில் இரண்டு சகோதரர்களை இழந்தவர். 1938இல் சர்வாதிகாரிகளைத் தாஜா செய்வது பிடிக்காமல் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர். அவருடைய முன்னெச்சரிக்கை சரியென்று வரலாறு காட்டியது. 1956இல் பிரதமராக இருந்தபோது எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். ஈடன் கண்ணுக்கு நாசர் இன்னொரு முசோலினியாகத் தெரிந்தார். படை அனுப்பினார், உலகமே எதிர்த்தது, பின்வாங்கினார், அடுத்த ஜனவரியில் பதவியும் போனது. 1965இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வியட்நாமுக்குப் படையைப் பெருக்கியபோதும் 1938இல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தைத்தான் உதாரணம் காட்டினார். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியரும் இறந்தார்கள்.

எனவே ஒரு தலைவர் பழைய போரை மேற்கோள் காட்டும்போது கேட்க வேண்டியது மூன்று. அந்தப் போரும் இந்தச் சண்டையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று சொல்கிறாரா? விலையைச் சொல்கிறாரா, வெற்றியை மட்டும் சொல்கிறாரா? விலை கொடுக்கப்போவது யார் என்று சொல்கிறாரா? மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவர் பேசுவது கல் நினைவு.

விலையை அரசனிடமே சொல்லும் வழக்கம் இந்த ஊருக்குப் புதியதும் இல்லை. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடி. காஞ்சி என்றால் நிலையாமை சொல்வது. நாடு என்று இருந்தது காடானதையும், மாடு கிடந்த இடத்தில் விலங்கு கிடந்ததையும், ஊர் இருந்த இடம் பாழானதையும் அவர் வென்றவன் முகத்துக்கு நேரே எண்ணிச் சொல்கிறார். கடல் அலை குவிக்கும் மணலைவிட அதிகம் பேர் உலகை ஆண்டு கழிந்துவிட்டார்கள் என்கிறார். வெற்றிவிழாவில் இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், கேட்க ஓர் அரசன் இருந்தான்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

வாய் நினைவை அப்படியே காப்பாற்ற முடியாது. ஆனால் விலை உதிர்ந்துபோகும் முன் பதிவு செய்யலாம். மதுரைப் பக்கம் இன்றும் கேட்கக்கூடியவர்கள் மூன்று வகை.

முதலாவது, முன்னாள் படைவீரர்கள். 1965, 1971, கார்கில், இலங்கைக்குப் போன அமைதிப்படை. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கிருந்த அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். திரும்பியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அவர்களை அணுகலாம்.

இரண்டாவது, பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேரும். 1942இல் 4 லட்சம் பேர், அல்லது அதற்கும் மேல், பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். 1964க்குப் பின் வந்தவர்கள் வேறு. கடைகளை அரசு எடுத்துக்கொண்டதால் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள். நடந்து வந்தீர்களா, கப்பலில் வந்தீர்களா என்று முதலிலேயே கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள். நம் ஊரில் போரை நேரில் கண்டவர்கள் அதிகம் பேர் சேர்ந்து வாழ்வது அங்கேதான். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் போரைப் பார்த்ததில்லை, பாட்டிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். முகாமுக்குள் போகுமுன் அனுமதி வாங்க வேண்டும். எந்த இயக்கம் என்று கேட்கவே கூடாது. ஊரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கலாம் என்பதால் பெயர், ஊர், முகம் மூன்றையும் வெளியிடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பேசிய பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும்.

பதிவுக்குக் கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், மின்விசிறியை அணையுங்கள். விசிறி இல்லாமல் மதுரை வெயிலில் உட்கார முடியாது என்பதால் காலை 6:30 முதல் 8:30க்குள் வைத்துக்கொள்வது நல்லது. சட்டையில் குத்தும் சிறு மைக் இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தலாம். ஒரு தடவைக்கு 45 நிமிடம். அதற்கு மேல் பெரியவர்கள் களைத்துச் சுருக்கிவிடுவார்கள். ஒரு மணிநேர வேவ் கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஏறக்குறைய 345 எம்பி வரும். அதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சுருங்கித் தரம் கெடும். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எழுத்தில் இறக்க, பழக்கமில்லாதவருக்கு ஒரு மணிநேரப் பேச்சுக்கு 5, 6 மணிநேரம் ஆகும்.

கேள்வியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. “போர் எப்படி இருந்தது?” என்று கேட்டால் படத்தில் பார்த்ததுதான் பதிலாக வரும். கையில் எதை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள், அரிசி எங்கே கிடைத்தது, முதலில் நடக்க முடியாமல் நின்றது யார், இரவில் எங்கே படுத்தீர்கள் என்று பொருளையும் இடத்தையும் ஆளையும் கேளுங்கள். 1940-களைப் பற்றி என்றால் ரேஷனைக் கேளுங்கள், பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸைக் கேளுங்கள். தேதி தெரியாவிட்டால் அழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்னா பின்னா, நாற்று நட்டிருந்ததா அறுப்பா என்று ஊர்க் காலண்டரில் பொருத்துங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் சொன்னால் 60 ஆண்டு பிசகாமல் சரிபாருங்கள். தாது என்றால் 1876உம் உண்டு, 1936உம் உண்டு. கூட இருக்கும் மகனோ பேரனோ குறுக்கே எடுத்துக்கொடுத்தால் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள், அது அவர் கேட்டது, பெரியவர் பார்த்தது இல்லை.

வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். தேய்த்தால் அது மழுங்கும். ஊர்க்கோடியில் எழுத்துள்ள நடுகல் தெரிந்தால் எனாமல் பெயிண்ட் அடிக்காமல், மென்மையான தூரிகையும் தண்ணீரும் மட்டும் போட்டுத் துடைத்து, இரவில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வியாக ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்: “சண்டை முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?” புத்தகத்தில் உள்ள தேதியைச் சிலர் சொல்வார்கள். காணாமல் போனவரைத் தேடுவதை அம்மா நிறுத்திய நாளைச் சிலர் சொல்லக்கூடும். இன்னும் முடியவில்லை என்பவரும் இருப்பார். அந்தக் கேள்விக்குப் பின் அமைதி வரும். அடுத்த கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். பதிவை ஓடவிட்டுக் காத்திருங்கள்.